சிவப்புத் துணி கட்டிய கணப்பு

கோடையில் வந்து தங்கிவிட்டுப் போகிறவர்களில், "உங்களுக்கென்ன மதாம், கொடுத்துவைத்த வாழ்க்கை" என்று மரீஸிடம் சொல்லாமல் காரில் ஏறியவர் ஒருவர்கூட இல்லை. கல் வீடு, வாசலில் வால்நட் மரம், வேலிக்கு அந்தப்பக்கம் செம்பழுப்பு மாடுகள். இரண்டு வாரம் படுத்து எழுந்து போகிறவர்களுக்கு அப்படித்தான் தெரியும். அந்த மகராசர்களை நவம்பரில் ஒரு நடை வந்து பார்க்கச் சொல்ல வேண்டும். பட்டப்பகலில் மூடுபனி வந்து வால்நட் மரத்தை விழுங்கிவிடும். ஈரம் சுவரில் ஏறி அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூசணமாக உட்கார்ந்துகொள்ளும். குளிருக்கு ஒளிய வந்த ஈக்கள் ஜன்னல் திட்டில் செத்துக் குவிந்து கிடக்கும், அள்ளுவதற்கு முறம் வேண்டும். எலி சோப்புக்கட்டியைக்கூட விட்டுவைக்காது. கொடுத்துவைத்த வாழ்க்கையாம்!

மரீஸ் இந்த மேட்டுநிலத்துக்காரி இல்லை. லிமோஜ் நகரத்துச் செருப்புத் தொழிற்சாலையில் தோல் தைத்துக்கொண்டிருந்தவள். கொத்தனார் ரெஜிஸைக் கட்டிக்கொண்டு லா வெர்ஞ் என்கிற இந்தச் சின்ன ஊருக்கு வந்த அன்று, மாமியார் அவள் கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது ஊசி பிடிக்கிற கை, வாளி பிடிக்காது என்றாளாம். அந்தக் கைதான் மாமியார் போகும்வரை அவளுக்கும் பார்த்தது, மாடுகளுக்கும் பார்த்தது. மாடுகளை விற்ற பிறகு ரெஜிஸ் தொழுவத்தை இடித்துக் கட்டினார். அப்புறம் தானியக் கொட்டகை. கடைசியாகப் பழைய ரொட்டிச்சூளை. மூன்றும் விடுமுறை வீடுகளாயின. கல் வைத்தது அவர். துணி வெளுத்தது, மெத்தை தட்டியது, பாரிஸ்காரர்கள் சேவல் கூவுகிறது என்று புகார் சொன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தது எல்லாம் அவள். வாடகைக்கு வந்தவர்கள் கரண்டியைத் தூக்கிக்கொண்டு போனாலும் அவள் மூச்சு விடமாட்டாள். அந்த ஊரில் குளிர்காலத்தில் புகை எழும்பும் வீடு மூன்றுதான். மரீஸ் வீடு ஒன்று, காது கேட்காத ஒரு கட்டைப்பிரம்மச்சாரியின் வீடு ஒன்று, மாடு வளர்க்கும் மேயர் பெய்ராவின் வீடு ஒன்று.

நவம்பர் முதல் தேதி, புனிதர்கள் நாளன்று கல்லறைகளில் சாமந்தித் தொட்டிகளை வைத்துவிட்டு வந்தால், மறுநாள் வீடு அடைக்கிற வேலை ஆரம்பம். அது ரெஜிஸின் ராஜ்ஜியம். தண்ணீரை மூல வால்வில் நிறுத்தி, எல்லாக் குழாய்களையும் திறந்து சொட்டு மிச்சமில்லாமல் வடிக்க வேண்டும். ஒரு முழங்கைக் குழாயில் தண்ணீர் தங்கினாலும் பனியில் உறைந்து வெடித்து, வசந்தத்தில் சுவரை உடைக்க வைக்கும். கழிப்பறைக் கோப்பையில் உறையாத திரவம் ஊற்ற வேண்டும். மெத்தைகளைத் தூக்கி நிறுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் கடைசியில் புகைபோக்கி. ஒவ்வொரு வீட்டிலும் இரும்புக் கணப்புக்கு மேலே சுவரில் சின்னதாக ஒரு தகரக் கதவு வைத்திருந்தார். அதைத் திறந்து, வைக்கோல் அடைத்த சாக்கு ஒன்றைப் புகைபோக்கிக்குள் திணித்துவிடுவார். இல்லாவிட்டால் காக்கைகள் சுள்ளி போட்டுக் கூடு கட்டும். ஈரக்காற்று இறங்கி வீடே பழைய புகை நாறும்.

சாக்கு உள்ளே இருக்கிறது என்பதற்கு அடையாளம் ஒரு சிவப்புத் துணி. ரெஜிஸின் அப்பாவும் கொத்தனார்தான். அவர் இடுப்பில் சுற்றியிருந்த சிவப்பு ஃபிளானல் பட்டையை மூன்றாகக் கிழித்து, கணப்பின் கைப்பிடிக்கு ஒன்றாகக் கட்டுவார்கள். சாக்கைத் திணித்தவர்தான் துணியைக் கட்ட வேண்டும். சாக்கை எடுத்தவர்தான் அவிழ்க்க வேண்டும். சாக்கு கையில் இல்லாமல் துணியைத் தொடக்கூடாது. இதுதான் அந்த வீட்டுச் சட்டம், இன்றைக்கு நேற்றைக்கு வந்ததல்ல. விடுமுறை வீடுகள் எழும்பிய புதிதில் மரீஸ், அழுக்காக இருக்கிறதே என்று ஒரு துணியை அவிழ்த்துத் துவைத்துக் காயப்போட்டுவிட்டாள். ரெஜிஸ் வந்து நெருப்பு மூட்டி, அறை முழுக்கப் புகை. வேலைக்கு வந்திருந்த கொத்தனார்கள் முன்னால் அவர் போட்ட கூச்சலில் அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஆளக் கொல்லப் பாத்தியே" என்றார். பல நாள் அவள் அவரோடு பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து துணியைத் தொட்டதும் இல்லை. துணி இருந்தால் நெருப்பில்லை, துணி இல்லாவிட்டால் நெருப்பு. அதற்கு மேல் அவள் யோசித்ததே கிடையாது.

இப்படிப்பட்ட மனுஷனுக்குத்தான் மறதி வந்தது. மறதி என்றால் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்கிற மறதியா? ஒருநாள் பகல் முழுக்கக் கல் அடுக்கி மதில் எழுப்பினார், மறுநாள் இதை எவன் இங்கே வைத்தான் என்று திட்டிக்கொண்டே எல்லாக் கல்லையும் பிடுங்கிப்போட்டார். ரொட்டி வாங்கப் போனவரை மேயர் பெய்ரா பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார். லிமோஜில் டாக்டர் நோய்க்குப் பெயர் சொன்னார். அந்தப் பெயரை மரீஸ் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை, கார் கதவோடு சேர்த்துச் சாத்திவிட்டாள்.

நகரத்து ஓரத்தில் முதியோர் இல்லம் ஒன்று இருக்கிறது. ரெஜிஸின் அண்ணனைக் கடைசியில் அங்கேதான் வைத்திருந்தார்கள். கதவுக்குப் பக்கத்தில் எண் அழுத்தினால் திறக்கிற பொத்தான்கள். அண்ணன் காலையிலிருந்து சாயங்காலம்வரை அங்கே நின்று வாய்க்கு வந்த எண்களையெல்லாம் அழுத்திக்கொண்டே இருப்பார். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று ரெஜிஸ் சாப்பிடாமலே படுத்துக்கொண்டார். நோய் வந்த பிறகு ஒரு மத்தியானம், புத்தி தெளிவாக இருந்த நேரம், சூப்பின் அடிமிச்சத்தில் வழக்கம்போலச் சிவப்பு ஒயினை ஊற்றிச் சுழற்றிக்கொண்டே கேட்டார்.

"மரீஸ், நம்பர் அழுத்துனா தெறக்கிற கதவு இருக்குல்ல, அந்த எடத்துல என்ன விட்டுடாத."

"விடமாட்டேன்."

"சத்தியமா?"

"சூப்பக் குடி, ஆறுது" என்றாள். சத்தியம் செய்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஆனால் அன்றைக்கே அவள் மனசில் கல்லில் வெட்டின மாதிரி எழுதிக்கொண்டாள், இந்த மனுஷனை உயிர் உள்ளவரை இந்த வீட்டிலிருந்து அனுப்பப்போவதில்லை என்று.

கிறிஸ்துமஸுக்கு மகள் செவரின் வந்தாள். லிமோஜில் மருந்துக் கடையில் வேலை. கெட்டவள் இல்லை. அப்பா தன்னை யாரோ விருந்தாளி என்று நினைத்துச் சாவியை நீட்டியபோது அடுப்படிக்குள் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்தவள்தான். ஆனால் போகும்போது அம்மாவின் தோளைப் பிடித்து நிறுத்தி, தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"அப்பாவால யாருக்காவது ஒரு ஆபத்துன்னு ஆச்சோ, இல்ல உன்னால முடியலன்னு ஆச்சோ, அன்னிக்கே அந்த இல்லத்துல சேத்துடணும். இதுல மட்டும் எங்கிட்ட பூசி மெழுகாதம்மா."

மரீஸ் சரி என்றாள். சரி என்றுவிட்டு வக்கீல் மாதிரி வாதாடினாள். இந்த வருஷம் மூன்று வீட்டையும் அடைத்தது யார்? உங்கப்பாதான். மூளை மறந்தாலும் கை மறக்கவில்லை. வசந்தம் வரட்டும், பார்க்கலாம். செவரின் தலையாட்டினாள். ரெஜிஸ் ஒவ்வொரு வீடாக அடைத்துவிட்டு வெளியே போனதும், பூனைபோலப் பின்னால் நுழைந்து, அவர் மூடாமல் விட்ட வால்வை மூடியதும், இரண்டு முறை ஊற்றிய திரவத்தைத் துடைத்ததும் மரீஸுக்கு மட்டும்தான் தெரியும். எல்லாவற்றையும் சரிபார்த்தாள். சாக்கை மட்டும் பார்க்கவில்லை. துணி கைப்பிடியில் கட்டியிருந்தது, அது போதும். ரெஜிஸ் கட்டிய துணியைச் சந்தேகப்பட்டால் அப்புறம் ரெஜிஸில் என்ன மிச்சம் இருக்கிறது?

ஜனவரி நடுவில் நாலைந்து நாள் நல்ல வெயில் அடித்தது. அப்படி அடித்தால் வீடுகளைத் திறந்து ஒரு நெருப்புப் போட்டு ஈரத்தை விரட்டுவது வழக்கம். மரீஸுக்கு இடுப்புப் பிடித்திருந்தது. ரொட்டிச்சூளை வீட்டை மட்டும் உலர்த்திவிட்டு வா என்று ரெஜிஸை அனுப்பினாள். போனார், வந்தார். முடிந்ததா என்றால் முடிந்தது என்றார். முகத்தில் பழைய கொத்தனாரின் மிடுக்கு. அன்றைக்கு அவளுக்கு இடுப்புவலிகூடப் பாதி குறைந்துவிட்டது.

பிப்ரவரியில் பனிப்புயல். மாவு மாதிரி உதிர்கிற பனியாக இருந்தால் பாதகமில்லை, இது ஈரப்பனி. கம்பியில் ஒட்டிக் கைகனத்துக்குத் தடித்து, மின்கம்பங்களை வரிசையாகச் சாய்த்துவிட்டது. மேட்டுநிலம் முழுக்க இருட்டு. மேயர் பெய்ரா டிராக்டரில் வந்து வாசலில் நின்றார். கம்பி இழுக்க இரண்டு ஆட்கள் வந்திருக்கிறார்கள், சுற்றுவட்டாரத்தில் ஒரு விடுதியும் திறந்தில்லை, ஒரு வீட்டைத் திறந்து கொடு என்று கேட்டார். தண்ணீர் வடித்த வீட்டில் யார் தங்குவது என்று மரீஸ் முணுமுணுத்தாள். வாளியில் கொடு, அவர்கள் ராஜகுமாரர்கள் இல்லை என்றார் பெய்ரா.

சின்ன வீடுதான் சீக்கிரம் சூடேறும். ரொட்டிச்சூளையைத் திறந்தாள். முதலில் பார்த்தது கணப்பின் கைப்பிடியைத்தான். துணி இல்லை. ஜனவரியில் அனுப்பினோமே, சாக்கை எடுத்துவிட்டு அவிழ்த்திருக்கிறார் என்று நினைத்தாள். உள்ளே சாம்பல்கூட இல்லை, வழித்துத் துடைத்துவிட்டிருக்கிறார் பார் என்று நினைத்தாள். செவரினுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அந்த நிமிஷத்தில் அவளுக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! தகரக் கதவு அவள் முகத்துக்கு நேரே இருந்தது. கொண்டியைத் தட்டிக் கையை விட்டிருந்தால் போதும். விடவில்லை. துணி இல்லையே, அப்புறம் எதற்கு?

வந்தவர்களில் மூத்தவர் அர்மிந்தோ, போர்ச்சுகல்காரரின் மகன், மீசைக்காரர். இளையவன் கெவின், சோளக்கொல்லை மாதிரித் தலைமுடி, கம்பத்தில் அணில்போல ஏறுவான் என்று அர்மிந்தோவே பெருமை சொன்னார். அவனுக்கு இருமல் இருந்தது. மரீஸ் பன்றிக்கொழுப்பும் முட்டைக்கோசும் போட்ட சூப்பைக் கொண்டுபோய் வைத்தாள். நெருப்பு மூட்டியதும் அறைக்குள் கொஞ்சம் புகை சுழன்றது. அர்மிந்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புகையுதே மதாம்" என்றார்.

"புகைபோக்கி குளுந்து கெடக்கு. முதல் நாள் மொரண்டு பிடிக்கும், அப்புறம் சொன்ன பேச்சு கேக்கும்" என்றாள் மரீஸ்.

அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அதுவும் சொன்ன மாதிரியே அடங்கியது. அதுதான் விதி செய்த வேலை, இல்லை, எலி செய்த வேலை. சாக்கு முழுசாக இருந்திருந்தால் புகை அறையை நிறைத்து எல்லாரையும் வெளியே துரத்தியிருக்கும். எலி வைக்கோலைத் தின்று, சாக்கு சரிந்து ஒரு ஓரம் வழி விட்டிருந்தது. நெருப்பு கொழுந்துவிட்டால் புகையை இழுக்கிற அளவுக்கு வழி இருந்தது. நெருப்பு அடங்கினால், கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாமல் தணலிலிருந்து வருகிற நச்சை இழுக்கிற அளவுக்கு இல்லை.

மறுநாள் கெவினுக்குக் காய்ச்சல். அர்மிந்தோ அவனைப் படுக்கச் சொல்லிவிட்டு, வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டு வேலைக்குப் போனார். காலையில் சூப்போடு போன மரீஸ் அவன் ஜன்னலைத் திறந்துவைத்திருப்பதைப் பார்த்தாள். தலை வெடிக்கிறது, காற்று வேண்டும்போல இருந்தது என்றான். காய்ச்சல்காரன் இந்தப் பனியில் ஜன்னலைத் திறக்கலாமா என்று பெற்றவள் மாதிரி அதட்டி, ஜன்னலைச் சாத்தினாள். மாத்திரை கொடுத்தாள். இரண்டு கட்டை விறகு போட்டு, மெல்ல எரியட்டும் என்று கணப்பின் காற்றுத்துளையை மூடிவிட்டு வந்தாள். வீடு வரும்போது அவளுக்கே தலை கிறுகிறுத்தது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரத்துக்கு அர்மிந்தோ திரும்பி வந்தபோது கெவின் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் குப்புறக் கிடந்தான். கதவை நோக்கி ஊர்ந்திருக்கிறான். அர்மிந்தோ அவனைக் காலைப் பிடித்து இழுத்துப் பனியில் போட்டுவிட்டு அலறிய அலறலில், காது கேட்காத பிரம்மச்சாரி தவிர ஊரே வந்துவிட்டது. ஊர் என்றால் மரீஸும் ரெஜிஸும் பெய்ராவும்தான். பையனின் உதடு செர்ரிப்பழம்போலச் சிவந்திருந்தது. செத்துவிட்டான் என்றுதான் மரீஸ் நினைத்தாள். தீயணைப்பு வண்டி வந்து மூச்சுக்கருவியை மாட்டித் தூக்கிக்கொண்டு போனது. பெய்ரா உள்ளே போய்க் கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு தகரக் கதவைத் திறந்தார். கருகின சாக்கு ஒரு செத்த பிராணி மாதிரித் தொங்கியது.

போலீஸ்காரர் வந்து மரீஸின் சமையலறையில் உட்கார்ந்தார். இளவயதுக்காரர், மரியாதையானவர். மரீஸ் சாக்கைப் பற்றியும் துணியைப் பற்றியும் ஒன்றுவிடாமல் சொன்னாள். பெய்ரா ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். ரெஜிஸ் மேஜை மூலையில், யாருடைய வீட்டுக்கோ விருந்துக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்து எல்லார் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, சாக்க எடுக்காமலே யாரோ துணிய அவுத்திருக்காங்க. யாரு மதாம்?" என்றார் போலீஸ்காரர்.

குளிரில் ரெஜிஸுக்கு மூக்கு ஒழுகியது. கால்சட்டைப் பையில் கையை விட்டு, ஒரு துணியை எடுத்து நிதானமாக மூக்கைச் சிந்தினார். சிவப்பு ஃபிளானல். நுனியில் முடிச்சின் சுருக்கம் இன்னும் இருந்தது. மரீஸ் பார்த்தாள். பெய்ராவும் பார்த்தார். பார்த்துவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போலீஸ்காரருக்கு அது ஒரு கிழவனின் கைக்குட்டை.

கிறிஸ்துமஸில் மகள் சொன்னது மரீஸின் காதில் மணி அடித்த மாதிரிக் கேட்டது. அப்பாவால யாருக்காவது ஒரு ஆபத்துன்னு ஆச்சோ.

"நான்தான்" என்றாள். "நான்தான் அவுத்தேன். மறந்துட்டேன்."

பொய் என்று முழுசாகச் சொல்லவும் முடியாது. ஜன்னலைச் சாத்தியது யார்? காற்றுத்துளையை மூடியது யார்? அந்தக் கைகளை அவள் மடியில் வைத்து ஒன்றை ஒன்றால் பிடித்துக்கொண்டிருந்தாள். பையன் பிழைத்துக்கொண்டான், அந்தச் செய்தி வரும்வரை அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆனால் அவனுக்குக் கை நடுக்கம் நிற்கவில்லையாம், மேலே பார்த்தால் தலை சுற்றுகிறதாம். இனிக் கம்பம் ஏற முடியாது என்று அர்மிந்தோ தொலைபேசியில் சொன்னார். அவர் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை.

அன்று போலீஸ்காரர் போன பிறகு ரெஜிஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். பல மாதமாகக் காணாத பார்வை, நேராக, கூர்மையாக.

"எத்தன தடவ சொல்லிருக்கேன் ஒனக்கு? சாக்கு கையில இல்லாம துணியத் தொடாதன்னு. அன்னிக்கும் இதே வேலையத்தான் பண்ணுன. ஆளக் கொல்லப் பாத்தியே."

எல்லாம் மறந்த மனுஷனுக்கு அது மட்டும் ஞாபகம் இருந்தது. அவள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிப் பதில் சொல்லியிருக்கலாம். பையில் இருக்கிற துணியை எடுத்து மேஜையில் போட்டிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு, தப்புதான் என்றாள். அவர் மூக்கைச் சிந்திய துணியை அன்றிரவு வாங்கித் துவைத்து, யாரும் பார்க்காமல் பலசரக்கு டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள்.

செவரின் வந்தாள். சாலையில் பனி இன்னும் வழிக்கவில்லை, பெய்ராவின் டிராக்டரில் வந்து இறங்கினாள். மரீஸ் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். வீடுகளை மூடிவிடலாம், மேயரே பூட்டுப்போட்டுவிட்டார். இனி விருந்தாளி கிடையாது, ஆபத்து கிடையாது. நானும் அவரும் இந்தச் சமையலறையில் காலத்தை ஓட்டிவிடுகிறோம். சொல்ல வாயெடுப்பதற்குள் ரெஜிஸ் மகளின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அன்றைக்கு மகளை அடையாளம் தெரிந்தது, அதுதான் கொடுமை.

"செவரின், ஒன்னு சொல்றேன், அம்மாகிட்ட கோவப்படாத. அவளுக்கு இப்பல்லாம் எதுவும் ஞாபகத்துல நிக்கிறதில்ல. குழாய மூடுறா, மறுபடி தொறக்குறா. நான் போன எடத்துக்கெல்லாம் பின்னாலயே வர்றா, எதுக்குன்னு அவளுக்கே தெரியல. நான்தான் சமாளிச்சிட்டிருக்கேன்."

செவரின் அம்மாவைப் பார்த்தாள். மறுத்துச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். மறுத்தால் துணி வெளியே வரும். மறுக்காவிட்டால் மறதிக்காரி. எந்தப் பக்கம் காலை வைத்தாலும் பள்ளம். மரீஸ் எழுந்து போய் அடுப்பில் விறகு போட்டாள்.

"போலீஸ்லயும் மறந்துட்டேன்னு நீயேதான் சொல்லிருக்க" என்றாள் செவரின், குரல் தாழ்ந்து. "ஒன்னாலயும் முடியல, அவரயும் பாத்துக்கணும்னா எப்படிம்மா? நாளைக்கு இந்த அடுப்புலயும் மறந்து எதாவது பண்ணுனா? ரெண்டு பேரயும் நான் எரிஞ்சு கெடக்கப் பாக்கணுமா?"

பெய்ராவால் தாங்க முடியவில்லை. மரீஸைத் தன் மாட்டுத்தொழுவம் பக்கம் கூப்பிட்டு, நான் பார்த்ததை உன் மகளிடம் சொல்லட்டுமா என்று கேட்டார்.

"சொன்னா? அவர வீட்டுல விட்டுடுவாளா?"

பெய்ரா தொப்பியைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார். உண்மையைச் சொன்னால் அவர் ஆபத்தானவர், போக வேண்டும். பொய்யே நின்றால் அவள் முடியாதவள், அவர் போக வேண்டும். மாடு விற்கிற சந்தையில் யாரையும் மடக்கிவிடுகிற மனுஷன் போய்ச் சாலையில் உப்புத் தூவினார், கார் வர வேண்டுமே.

இல்லத்தில் அறை தயாராக இருந்தது. செவரின்தான் ஓட்டினாள், வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினாள். ரெஜிஸ் பின் இருக்கையில் மரீஸின் கையைப் பிடித்து, எங்கே போகிறோம் என்று கேட்காமல், வழியில் தென்பட்ட மதில்களில் எதைத் தான் கட்டினேன் என்று காட்டிக்கொண்டே வந்தார். பாதி நிஜம். கதவு எண் அழுத்தித் திறந்தது. அவர் நின்று அந்தப் பொத்தான்களைப் பார்த்தார். மரியாதையாக அவளை முன்னால் போக விட்டார்.

இப்போது வியாழக்கிழமைதோறும் மரீஸ் போகிறாள். ஊரில் ஒரு புகை குறைந்திருக்க வேண்டும், குறையவில்லை. ஒருத்திக்கும் நெருப்பு வேண்டுமே. இந்த நவம்பரில் மூன்று வீட்டையும் அவளே அடைத்தாள். பூட்டின வீட்டுக்கு எதற்கு அடைப்பு என்றால், குழாய்க்குத் தெரியுமா ஆள் வரமாட்டார்கள் என்று? இரண்டு துணியைக் கட்டினாள். மூன்றாவதைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள், ரெஜிஸ் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவர் அறையில் ஜன்னலடியில் வெந்நீர் ஓடுகிற இரும்பு வெப்பமூட்டி இருக்கிறது. அதன் திருகில் துணியைக் கட்டிக்கொண்டார், அதே முடிச்சு. துப்புரவு செய்கிற பெண் அழுக்காக இருக்கிறதே என்று அவிழ்க்கப் போனாள். மரீஸ் அப்படி ஒரு சத்தம் போட்டு அங்கே யாரும் கேட்டதில்லை. அப்புறம் மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பெண், பரவாயில்லை மதாம், என்று சொல்லிவிட்டு வெளியே போய் இன்னொருத்தியிடம், இவளுக்கும்தான் என்பதுபோல நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டியதை மரீஸ் கண்ணாடியில் பார்த்தாள்.

மத்தியானச் சூப்பு வந்தது. ஒயின் அங்கே கிடையாது. ரெஜிஸ் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

"ரொட்டிச்சூளைல சாக்க எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"அப்புறந்தான துணிய அவுத்த?"

"அப்புறந்தான்."

அவர் தன் மடியில் கிடந்த கம்பளியை எடுத்து அவள் முழங்காலில் போர்த்தி, ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். அவர் கண்ணில் அவ்வளவு இரக்கம்.

"மறதிக்கு நீ என்ன பண்ணுவ, பாவம். கவலப்படாத கெழவி. அந்த நம்பர் போட்ட கதவு இருக்குல்ல, அந்த மாதிரி எடத்துலல்லாம் உன்ன நான் விடமாட்டேன்."

மரீஸ் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"சூப்பக் குடி, ஆறுது" என்றாள்.